டிசம்பர் மழைக்கு ஒரு பொம்மை வீடு: அப்பாவோடு சேர்ந்து செய்ய யோசனை வேண்டும்

தெம்பனீஸ்மகள் (நவம்பர் 23)

எல்லாருக்கும் வணக்கம்.

டொராண்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பொம்மை வீடு கட்டுகிறாள். பனி விழத் தொடங்கியதும் சாப்பாட்டு மேசையில் மரத்துண்டுகளைப் பரப்பிவிடுவாள். மார்ச் வரை அந்த மேசையில் யாரும் சாப்பிட முடியாது. போன வாரம் வீடியோவில் காட்டினாள். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொன்றும் தீக்குச்சி கனம். பக்கத்தில் இருந்த அப்பா என் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "நம்ம டாங்ளின் ஹால்ட் வீட்டை இப்படிச் செய்யலாமே" என்றார்.

அப்பாவுக்கு 78 வயது. சிங்கப்பூர் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுபவராக, இருந்தவர். டாங்ளின் ஹால்ட் பத்து மாடிப் புளோக்கில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், மூவறை வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தோம். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனதைத் தாழ்வாரத்தில் நின்றுதான் பார்த்தோம். 2014இல் அந்தப் புளோக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தார்கள். வீட்டைக் காலி செய்தபின் அப்பாவும் அம்மாவும் தெம்பனீஸுக்கு என்னோடு வந்துவிட்டார்கள். அங்கே இருந்தவரை அப்பா காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்கு நடந்தே போவார். 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சாமி அது. வழியில் நாலு பேரோடு பேச்சும் இருக்கும். இங்கே வந்தபிறகு பேச்சே குறைந்துவிட்டது. அவராக வாய்திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டதை நான் விட்டுவிட விரும்பவில்லை.

நான் மருத்துவத் தாதி. டிசம்பரில் மூன்று வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். பத்து வயது மகனுக்கும் பள்ளி விடுமுறை. மழை நாட்களில் வெளியே எங்கும் போகப்போவதில்லை.

என் சந்தேகங்கள்: எந்த அளவில் செய்வது? டொராண்டோ அக்கா 1:12 என்கிறாள். எங்கள் மேசை சின்னது. முன்பு ஒருமுறை இணையத்தில் பொம்மை வீட்டுப் பாகங்கள் அடங்கிய ஒரு பெட்டி வாங்கிச் செய்து பார்த்தேன். இரண்டே வாரத்தில் சுவர் அப்பளம்போல வளைந்துவிட்டது. இந்த ஈரத்தில் எதை நம்பி ஒட்டுவது? பழைய வீட்டின் படங்கள் கூடத்தில் எடுத்தவை மட்டும்தான் இருக்கின்றன. அதோடு, "இந்த வயசில் பொம்மை வைத்து விளையாடப்போகிறீர்களா" என்று அம்மா கேட்டதில் அப்பா முகம் வாடிவிட்டது. அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

மரத்தூள் (நவம்பர் 23)

வணக்கம். அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1:12 என்றால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். எட்டு மீட்டர் நீளமுள்ள வீடு 67 சென்டிமீட்டர் வரும், அகலமும் ஏறக்குறைய அவ்வளவு வரலாம். 1:24 என்றால் அதில் பாதி, டிவி அலமாரியிலேயே வைத்துவிடலாம். முழு வீடு செய்வதென்றால் 1:24தான் சரி.

சுவருக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு (நடுவில் ஃபோம் வைத்த அட்டை) வாங்குங்கள். 1:24இல் அது 12 சென்டிமீட்டர் சுவருக்குச் சமம், பார்க்க உண்மையாக இருக்கும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடையில் போர்டும் மெல்லிய மரச் சட்டங்களும் கிடைக்கும். இரும்பு ஸ்கேல் வைத்து, ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று முறை லேசாகக் கத்தியை ஓட்டுங்கள். முனை மழுங்கினால் ஃபோம் பிய்ந்துவிடும், உடனே பிளேடை உடைத்துப் புது முனைக்கு மாறுங்கள். சூப்பர் குளூ ஃபோமைக் கரைத்துவிடும், வெள்ளைப் பசை மட்டும் போதும். கத்தி வேலை உங்களோடு இருக்கட்டும். தம்பிக்கு, அதாவது உங்கள் மகனுக்கு, அளப்பதும் பெயிண்ட் அடிப்பதும்.

செப்புப்பெட்டி (நவம்பர் 24)

தங்கச்சி, மரத்தூள் சொன்ன கணக்கு சரி. ஆனால் முழு வீடு வேண்டாம் என்பேன். எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஈசூனில் நான் வளர்ந்த நாலறை வீட்டை முழுவதுமாக 1:24இல் தொடங்கினேன். படுக்கையறைக்குக் கட்டிலும் அலமாரியும் செய்ததும் அங்கே செய்ய எதுவும் இல்லை. கூடத்திலும் அதே கதைதான். சமையலறைக்குள் போனேன், நாலு மாதம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு ஆணியும் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வீட்டின் மற்ற அறைகள் இன்றுவரை முடியவில்லை. முடிக்கவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அதனால் ஓர் அறை மட்டும் செய்யுங்கள். முன்பக்கம் திறந்த ஒரு பெட்டி. அப்பா எந்த அறையைப் பற்றி அதிகம் பேசுகிறாரோ அது. சமையலறை என்றால் மூன்று மீட்டருக்கு 2.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1:12இல் 25க்கு 20 சென்டிமீட்டர். உயரம் 22க்குள் அடங்கும். புத்தக அலமாரியில் ஒரு தட்டு போதும்.

1:12 ஏன் என்றால், செப்புச் சாமான். சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பித்தளையில் குட்டிக் குடம், அண்டா, இட்லிப் பானை கிடைக்கும். மூன்று சென்டிமீட்டர் உயரக் குடம் 1:12இல் 36 சென்டிமீட்டர், நம் வீட்டுக் குடம் அதே அளவுதான். 1:24 வீட்டில் வைத்தால் அது தொடையுயரம் வந்து நிற்கும். ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

படம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். அப்பாவின் உடம்புக்கு அந்த வீட்டின் அளவு தெரியும். அவரை நிற்கவைத்துக் கேளுங்கள்: ஜன்னல் கட்டை இடுப்புக்கு வருமா, மார்புக்கு வருமா? அடுப்பு மேடையில் கை வைத்தால் முழங்கை மடங்குமா? சமையலறைச் சுவரில் குப்பை போடும் குழாயின் மூடியைத் திறக்கக் குனிவாரா? கை நிற்கும் இடத்தில் டேப்பை வையுங்கள், 12ஆல் வகுங்கள். என் அம்மாவை இப்படித்தான் அளந்தேன். மேடையின் உயரத்தை வாயால் சொன்னபோது தப்பாகச் சொன்னார், கை சரியாகச் சொன்னது.

ஈரத்துக்கு வருவோம். உங்கள் சுவர் வளைந்ததற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டியிருப்பீர்கள். பசையில் இருக்கும் தண்ணீரால் காகிதம் விரியும், காயும்போது சுருங்கும். சுருங்கும்போது அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதே காகிதத்தை ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். எம்டிஎஃப் பலகை (மர நாரை அழுத்திச் செய்தது) வாங்கினால் வெட்டிய விளிம்புகளுக்குக் கட்டாயம் வார்னிஷ் பூசுங்கள், ஈரம் அங்கேதான் நுழைந்து ஊதும். டொராண்டோவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும், வீட்டுக்குள் காற்று வறண்டிருக்கும், பசை சீக்கிரம் காயும். உங்கள் அக்கா ஒரு மணி நேரம் என்றால் நீங்கள் ஓர் இரவு என்று எழுதிக்கொள்ளுங்கள். சூப்பர் குளூ மட்டும் நேர்மாறு. அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும், நம் ஊரில் சட்டென்று பிடிக்கும். ஆனால் அதன் ஆவி பிளாஸ்டிக் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஜன்னலுக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. உண்மையான அரிசி, பருப்பு எதையும் உள்ளே வைக்காதீர்கள், எறும்பும் பூஞ்சையும் வரும். களிமண்ணில் செய்துகொள்ளலாம்.

பழைய சமையலறை என்றால் பின்சுவருக்கு வெளியே துணி காயப்போடும் கழியைச் செருகும் குழாய்கள் இருந்திருக்குமே. மூன்று மீட்டர் மூங்கில் கழி 1:12இல் 25 சென்டிமீட்டர். இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சி அதே நீளம், கனமும் கணக்குக்குச் சரியாக வரும், அதுவும் மூங்கில்தான். பாக்கெட் பானத்தின் உறிஞ்சுகுழலை வெட்டிச் சாம்பல் நிறம் அடித்தால் குழாய் தயார். இதைத் தம்பியிடம் கொடுங்கள்.

அம்மாவுக்குப் பதில். உங்கள் வீட்டில் கொலு வைத்தால், படிகளுக்குப் பக்கத்தில் பூங்கா கட்டி, தட்டில் கடுகு முளைக்கவிட்டுப் புல்வெளி வைத்ததெல்லாம் யார் என்று கேளுங்கள். பெரியவர்கள்தானே? ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு பொம்மை வீடு இருக்கிறது. பெட்ரோனெல்லா ஊர்ட்மான் என்ற பெண்மணி 1686 முதல் 1710 வரை சேர்த்துச் சேர்த்து உருவாக்கியது. குழந்தைகளுக்காக இல்லை, தனக்காக. குட்டிப் பீங்கான் பாத்திரங்களைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். அம்மாவிடம் அதன் படத்தைக் காட்டுங்கள். அதைவிட நல்லது, அவரிடம் ஒரு வேலையைக் கொடுப்பது.

தெம்பனீஸ்மகள் (ஜனவரி 11)

அக்கா, மரத்தூள் அண்ணா, இருவருக்கும் நன்றி. சமையலறை மட்டும்தான் செய்தோம். முக்கால்வாசி முடிந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் அப்பா தயங்கினார். மூன்றாம் நாள் கூடத்தில் நிற்கவைத்து, நீங்கள் சொன்னபடி ஜன்னல் கட்டை எங்கே வரும் என்று கேட்டேன். கையை நீட்டி மணிக்கட்டைத் திருப்பி, இல்லாத ஜன்னலைத் திறந்தார். அதன்பிறகு நிறுத்தவே இல்லை. மகன் டேப்பைப் பிடிக்க, நான் எழுத, ஒரே சாயங்காலத்தில் மொத்த அளவும் வந்துவிட்டது.

பாத்திரப் பலகையைச் செய்து காட்டினேன். பார்த்துவிட்டு, "முன்னால கட்டை எங்கே?" என்றார். ரயில் போகும்போது டம்ளர்கள் நடுங்கி நகர்ந்து கீழே விழுமாம். அதற்காக என் பாட்டி பலகையின் விளிம்பில் ஒரு சட்டம் அடிக்கச் சொல்லியிருந்தார். அந்த வீட்டிலேயே வளர்ந்தவள் நான். அந்தச் சட்டத்தைத் தினமும் தொட்டிருப்பேன். அது எதற்கு என்று இந்த டிசம்பரில்தான் தெரிந்தது.

அம்மியை அப்பா தன் கையால் செய்தார். சாம்பல் நிறக் களிமண், கொத்திய தடத்துக்குப் பழைய பல்துலக்கி. அம்மிக்கு அடியில் கோணிப்பை வேண்டும் என்றார், அரைக்கும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்காமல் இருக்க. குப்பைக்குழாய் மூடி என்ன நிறம் என்று அவருக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அப்பா பழைய புளோக்கில் இருந்த நண்பருக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் பேசினார்கள். நிறம் என்னவென்று கேட்க மறந்து, மறுநாள் மறுபடி போட்டார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை பேசிக்கொள்கிறார்கள். அம்மா தன் பழைய சேலையிலிருந்து தொட்டிக்குக் கீழே கட்டும் திரையைத் தைத்துக் கொடுத்தார். நாங்கள் கேட்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை மகன் அவசரத்தில் சூப்பர் குளூவால் ஒட்டிவிட்டான். அக்கா சொன்னபடியே வெள்ளை படிந்துவிட்டது. துடைத்தால் போகவில்லை. என்ன செய்யலாம்?

செப்புப்பெட்டி (ஜனவரி 11)

பாட்டி அடிக்கச் சொன்ன அந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு எழுந்துபோய் என் சமையலறைப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன், தங்கச்சி. அப்பாவிடம் சொல்லுங்கள்.

வெள்ளைப் படிவின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் கொஞ்சம் மறையும். ஆனால் தூசி ஒட்டும். புதிதாக வெட்டுவதே நல்லது. பிஸ்கட் பெட்டியின் தெளிந்த மூடியை 13 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள், ஆறு அங்குலக் கண்ணாடிக்கு அதுதான் கணக்கு. வெள்ளைப் பசையைக் குச்சி முனையில் தொட்டு ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது வெள்ளையாகத் தெரியும், காய்ந்தால் தெளிந்துவிடும். தம்பியே செய்யட்டும், இந்த முறை சரியாகச் செய்வான்.

வெட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். அந்தக் காலத்து ஜன்னல்களில் ஏதாவது ஒரு கண்ணாடி உடைந்து வேறு எதையோ செருகியிருப்பார்கள். உங்கள் வீட்டில் எது?

தெம்பனீஸ்மகள் (ஜனவரி 12)

கேட்டேன் அக்கா. யோசிக்காமல் சொன்னார்: கீழிருந்து இரண்டாவது. கண்ணாடிக்குப் பதில் ஒட்டுப்பலகை, பச்சைப் பெயிண்ட் அடித்தது. இன்று ராத்திரி வெட்டுகிறோம்.