நேரம் பார்க்காமல் பத்து கிலோமீட்டர்

நான்: ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு மார்பில் குத்திக்கொள்ளும் பிப் எண் கைக்கு வந்துவிட்டது 😀 முதல் பத்து கிலோமீட்டர். நேரம் எதுவும் பார்க்கப் போவதில்லை, ரசித்து ஓடி முடித்தால் போதும் என்று இருக்கிறேன். சித்தி, நீங்கள் எப்போதும் இப்படித்தானே ஓடுவீர்கள், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அண்ணன்: ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார். கிலோமீட்டருக்கு 6 நிமிடம், அவ்வளவுதான். பயிற்சியில் நீ கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் ஓடுகிறாய். நேரமே பார்க்காமல் ஓடுவதற்குப் பணம் கட்டிப் போவானேன், நம் தெருவிலேயே ஓடலாமே?

சித்தி: தெருவில்தான் நானும் வாரம் முழுக்க ஓடுகிறேன்டா. ஆனால் வண்டியே வராத அகலமான சாலையின் நடுவில், முன்பின் தெரியாத அத்தனை பேரோடு சேர்ந்து ஓடுவது தெருவில் கிடைக்காது. தொடக்கக் கோட்டில், ஓடுகிற ஒவ்வொருவரிடமும் இருக்கிற நேரம் குறிக்கும் சிப்பைப் பதியும் விரிப்பு இருக்கும், கூட்டமாக மிதித்துப் போகும்போது பீப் பீப் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பேச்சுச் சத்தமெல்லாம் அடங்கி எல்லோருடைய காலடியும் மட்டும் கேட்கும். அதற்காகவே பதிவுசெய்யலாம்.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும், இவளுக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது?

சித்தி: அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. ரசித்து ஓடுவதா கஷ்டப்பட்டு ஓடுவதா என்பது முதல் கிலோமீட்டரிலேயே தீர்மானமாகிவிடும். கிளம்பும்போது எல்லோருக்கும் ஒரு வேகம் வரும், அட்ரினலின் ஏறியிருப்பதால் அந்த வேகம் சுலபமாகவும் தெரியும். கூட்டத்தோடு சேர்ந்து இவளும் இழுபட்டுப் போனால் நான்காவது கிலோமீட்டருக்குள் கால் கனத்துவிடும், அப்புறம் எப்போது முடியும் என்கிற ஒரே நினைப்புதான்.

சித்தி: அதனால் கண்ணு, பின்வரிசையில் போய் நில். நேரம் போய்விடுமே என்று யாராவது சொன்னால் கேட்காதே, சிப் இருந்தால் நீ கோட்டைத் தாண்டும்போதுதான் உன் நேரம் தொடங்கும். ஆனால் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது அதற்குள் ஓடி முடித்தாக வேண்டிய நேரத்தை, பெரும்பாலும் கொடியசைத்த நிமிடத்திலிருந்தே கணக்கிடுவார்கள், அதை மட்டும் விதிமுறையில் பார்த்து வைத்துக்கொள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் தடங்கலில்லாமல் பேச முடிகிறதா என்று பார். முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் உடனே குறைத்துவிடு.

நான்: நடுவில் நடந்தால் பார்ப்பவர்கள் ஏதாவது நினைப்பார்களோ?

சித்தி: தாராளமாக நட. நடையும் ஓட்டமும் கலந்து போகிற முறையை ஊருக்கெல்லாம் பரப்பிய ஜெஃப் காலோவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். களைத்த பிறகு நடப்பதைவிட, களைப்பு வருவதற்கு முன்பே சின்னச் சின்னதாக நடப்பதுதான் அந்த முறையின் அடிப்படை. ஒன்று மட்டும், நடப்பதற்கு முன் ஓரமாக ஒதுங்கிவிடு. நடுச்சாலையில் சட்டென்று நின்றால் பின்னால் வருபவர் வந்து மோதிவிடுவார்.

அப்பா: கடைசியாக வந்தாலும் பரவாயில்லை என்று போம்மா. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் ஷிசோ கனகுரி என்ற ஜப்பானியர் வெயில் தாங்காமல் பாதி வழியில் நின்று, அதிகாரிகளிடம் சொல்லாமலேயே ஊர் திரும்பிவிட்டார். 1967இல் ஸ்வீடன்காரர்கள் அவரைக் கூப்பிட்டு மிச்ச ஓட்டத்தை முடிக்கவைத்தார்கள். அப்போது அவருக்கு 75 வயது. 54 ஆண்டு 8 மாதம் 6 நாள் என்று நேரமும் அறிவித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம் அதுதான்.

நான்: அப்பா ❤️

சித்தி: அருமை மாமா! பார்க்ரன் தெரியுமா, 2004இல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கி இப்போது பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் இலவசமாக நடக்கிற 5 கிலோமீட்டர். அதில் டெயில் வாக்கர் என்று ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார், அதனால் ஓட வந்த யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. 2024இல் அவர்கள் வேகச் சாதனைப் பட்டியல்களையே தங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், புதிதாக வருகிறவர்கள் தயங்கக் கூடாது என்று.

அண்ணன்: அது எனக்குச் சரியாகப் படவில்லை சித்தி. அந்த மாதிரிப் பட்டியலில் என் பெயர் மேலே ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் ஓடவே ஆரம்பித்தேன். போன முறையைவிட பத்து வினாடி குறைந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் படாது. அதுவும் சந்தோஷம்தானே?

சித்தி: சந்தோஷம்தான், யார் இல்லையென்றார்கள். நீ நேரத்தோடு மல்லுக்கட்டுவதை நான் ரசித்துப் பார்க்கிறேன்டா. ஆனால் அது உன்னுடைய அளவுகோல். முதல் ஓட்டத்திலேயே அதை இவள் கையில் கொடுத்தால், ஒரு மணி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுத் தோற்றுப்போன முகத்தோடு வீட்டுக்கு வருவாள். பத்து கிலோமீட்டர் ஓடிய பிள்ளை அப்படி வரக் கூடாது. இரண்டாவது ஓட்டத்துக்கு இவளாகவே ஒரு நேரம் குறித்தால் நானே உன்னிடம் அனுப்புகிறேன்.

அண்ணன்: சரி, இது நியாயம். அப்படியானால் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. கையில் இருந்தால் பார்க்காமல் இருக்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

அம்மா: தண்ணீர் வைத்திருக்கும் இடத்திலெல்லாம் நின்று குடிக்க வேண்டும், புரிகிறதா?

சித்தி: அக்கா, தாகம் எடுத்தால் குடிக்கட்டும், போதும். மணிக்கணக்காக மெதுவாக ஓடுகிறவர்கள் பயந்து பயந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும், மாரத்தானில் அது ஆபத்தாகவே முடிந்திருக்கிறது. பத்து கிலோமீட்டரில் அந்த அளவுக்குப் போகாது, இருந்தாலும் பழக்கம் சரியாக இருக்கட்டும். தண்ணீர் மேசையைத் தாண்டும்போது காலடியைப் பார்த்துப் போ கண்ணு, நசுங்கிய காகிதக் கோப்பைகள் ஈரத்தில் வழுக்கும். கோப்பை நீட்டுகிற பிள்ளைகளுக்கு ஒரு நன்றி சொல். விடிவதற்கு முன்பே வந்து நிற்பார்கள், வேகமாகப் போகிறவர்களுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது, உனக்கு இருக்கும்.

நான்: சொல்கிறேன் சித்தி. பாட்டு கேட்டுக்கொண்டு ஓடலாமா?

சித்தி: வீட்டிலேயே வைத்துவிடு. பின்னால் வருகிறவர் வழிவிடச் சொன்னால் காதில் விழ வேண்டும். அதோடு பின்வரிசையில் பேச்சு நன்றாக இருக்கும், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் முறையாக ஓடுகிறவர், மகளோடு வந்திருக்கிற அம்மா என்று யாராவது நிச்சயம் இருப்பார்கள்.

அப்பா: நாங்கள் முடிவுக் கோட்டில் நிற்கிறோம்.

சித்தி: அங்கே வேண்டாம் மாமா, கைதட்ட ஏற்கெனவே கூட்டம் இருக்கும். எட்டாவது கிலோமீட்டரில் நில்லுங்கள். அங்கேதான் சாலை வெறிச்சென்று இருக்கும், ஓடுகிறவர்களுக்கும் தெரிந்த முகம் ஒன்று தேவைப்படும்.

அப்பா: எட்டாவதில் நிற்கிறோம். எந்தப் பக்கம் என்று வரைபடம் பார்த்துச் சனிக்கிழமை போடுகிறேன்.

அண்ணன்: என் ஓட்டம் முடிந்ததும் நானும் அங்கே வந்துவிடுகிறேன். மிச்ச இரண்டு கிலோமீட்டரும் நடைபாதையில் உன் கூடவே வருகிறேன், உன் வேகத்தில்.

நான்: வா 😭 பேசிக்கொண்டே போகலாம்.