புதுப்பிப்பு: நானோ துகள் தோலைத் துளைக்கிறதா? என் பழைய பதிவுக்கு ஒரு திருத்தம்

படர்தாமரைக்கான நானோ களிம்புகளை, அதாவது மருந்தை மிக நுண்ணிய துகள்களில் அடைத்த களிம்புகளைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, துகள்கள் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்று சொல்லியிருந்தேன். அது தவறு.

தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆனால் பொல்லாத காவல்காரன். 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் அதைத் தாண்டுவது அரிது. பூஞ்சைக்கான மருந்துகளில் இட்ராகோனசோல் 705, ஆம்போடெரிசின் பி 924. முழுத் துகளோ இவற்றைவிடப் பல மடங்கு பெரியது, அது எங்கே நுழைய! கொழுப்பாலான துகள்கள் செய்வது வேறு: தோல்மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் ஆவியாவதைக் குறைக்கின்றன. மேலடுக்கு ஊறி நெகிழ்ந்ததும், துகளிலிருந்து கசியும் மருந்து உள்ளே இறங்குகிறது. மயிர்க்கால்களிலும் துகள்கள் தங்கி, மெதுவாக மருந்தை விடுகின்றன.

ரத்தத்தில் கலக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கலக்காமல் இருப்பதே நல்லது. படர்தாமரைப் பூஞ்சை குடியிருப்பதே அந்த மேலடுக்கின் கெராட்டின் என்ற புரதத்தில்தானே. மருந்தும் அங்கேயே தங்கட்டும்.

அப்புறம், டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து 291 டால்டன்தான். சாதாரண கிரீமிலேயே நன்றாக இறங்கும். அதற்கும் நானோ முத்திரை குத்துவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. நகப்பூஞ்சை வேறு கதை, அதைத் தனியாக எழுதுகிறேன்.