அணியின் வெற்றியைக் குவாட்டர்பேக்கின் பெயரில் எழுதுவது எந்த அளவுக்குச் சரி?

இளவேனில் (கேள்வி):

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் புள்ளிவிவரப் பக்கங்களில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும், அவர் தொடங்கிய ஆட்டங்களில் எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்ற கணக்கு இருக்கிறது. பந்தைப் பிடிப்பவருக்கும் தற்காப்பில் நிற்பவருக்கும் அப்படியொரு கணக்கு கிடையாது. டாம் பிரேடி எல்லாரிலும் சிறந்தவர் என்று சொல்ல அவருடைய ஏழு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப் போட்டி) பட்டங்களே போதுமான சான்றாகிவிடுகின்றன. 1984ஆம் ஆண்டில் 5,084 யார்டுகளும் 48 டச் டவுன்களும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்து அதுவரை யாரும் தொடாத உயரத்தைத் தொட்ட டான் மரீனோவைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, பட்டம் வெல்லாதவர் என்ற ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கின் மேல் எனக்கு ஐயம் வரக் காரணம் பெய்டன் மேனிங். 2013 பருவத்தில் டென்வர் அணிக்காக 55 டச் டவுன்களும் 5,477 யார்டுகளும் எறிந்தார்; ஆனால் சூப்பர் பவுலில் அவருடைய அணி சியாட்டிலிடம் 43-8 என்று படுதோல்வி அடைந்தது. 2015 பருவத்தில் அவர் எறிந்தவை 9 டச் டவுன்கள். எதிரணி பறித்துக்கொண்ட பந்துகள் 17. அந்த ஆண்டில்தான் கரோலினாவை 24-10 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். அவர் மிகச் சிறப்பாக ஆடிய ஆண்டில் தோல்வியும், தடுமாறிய ஆண்டில் பட்டமும் கிடைத்திருக்கும்போது, 53 பேர் கொண்ட அணியின் வெற்றியில் அந்த ஒருவருக்கு எவ்வளவு பங்கு தருவது நியாயம்?

தென்கரையான்:

நல்ல கேள்வி, இளவேனில். குவாட்டர்பேக்கின் மதிப்பை அளக்க அவர் ஆடிய ஆண்டுகளைவிட, அவர் ஆட முடியாமற்போன ஆண்டுகளே அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

அதே மேனிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து அறுவைச் சிகிச்சையால் 2011 பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. முந்தைய ஆண்டில் 10 வெற்றிகளும் 6 தோல்விகளும் பெற்றிருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், அந்த ஆண்டில் இரண்டே ஆட்டங்களில் வென்று பதினான்கில் தோற்றது. அதற்கடுத்த ஆண்டு அவர் டென்வருக்குப் போனார். 8 வெற்றி, 8 தோல்வி (8-8) என்றிருந்த டென்வர் 13-3 ஆனது. ஒருவர் விலகிய அணி சரிந்ததையும், சேர்ந்த அணி எழுந்ததையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறு நிலைகளில் ஆடும் வீரர்களிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்கு நேர்மாறான சான்று 2008ஆம் ஆண்டின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு பிரேடி வெளியேறினார். கல்லூரியில்கூட முதன்மை குவாட்டர்பேக்காக இல்லாத மேட் கேசல் அவருடைய இடத்தில் ஆடியும் அணி 11-5 என்று முடித்தது. முந்தைய ஆண்டின் 16-0 சாதனையோடு ஒப்பிட்டால் அது இறக்கம்தான். பட்டத்துக்கான அடுத்த சுற்றுகளான பிளே-ஆஃபுக்குள் நுழைய முடியாமற்போனதும் உண்மைதான். ஆனால் கோல்ட்ஸுக்கு நேர்ந்த வீழ்ச்சி அவர்களுக்கு நேரவில்லை. பில் பெலிச்சிக்கின் பயிற்சியும் நன்கு கட்டமைக்கப்பட்ட அணியும் அந்த அடியைத் தாங்கிக்கொண்டன.

ஆகவே குவாட்டர்பேக்கின் பங்கு எல்லா அணிகளுக்கும் பொதுவான ஒரு விழுக்காடாக இருக்க முடியாது. எந்த அணியில், யாருக்குப் பதிலாக ஆடுகிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். வெற்றி-தோல்விக் கணக்கில் இது எதுவும் தெரியாது. பேஸ்பாலில் பந்தெறிபவர்களின் பெயரில் வெற்றிகளை எழுதும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருந்தும், 2018இல் 10 வெற்றிகளும் 9 தோல்விகளும் மட்டுமே பெற்றிருந்த ஜேக்கப் டிகுரோமுக்கு அந்த ஆண்டின் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருதை வழங்கினார்கள். அவர் எப்படிப் பந்தெறிந்தார் என்பதைப் பார்த்தார்களே தவிர, அவருடைய அணி எத்தனை ஓட்டங்கள் எடுத்தது என்பதைப் பார்க்கவில்லை. அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

முன்வரிசை:

தென்கரையான் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் குவாட்டர்பேக் எப்படிப் பந்தெறிந்தார் என்பதுகூட அவருடைய கையில் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் ஆடியதை மறுபடியும் பாருங்கள். அவருக்கு இரு புறமும் காவல் நிற்க வேண்டிய டேக்கிள்கள் எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் இருவருமே காயத்தால் ஆடவில்லை. மாற்று ஆட்களால் டாம்பா பே அணியின் முன்வரிசையைத் தடுக்க முடியவில்லை. ஆட்டம் முழுவதும் மஹோம்ஸ் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தார். நான்காம் பகுதியில், நான்காவது முயற்சியில், துரத்தி வந்தவர்களின் பிடியில் கால் இடறி, உடல் தரைக்கு இணையாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்த நிலையிலும் அவர் டச் டவுன் எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனை நோக்கிப் பந்தை எறிந்தார். அது அங்கிருந்த டேரல் வில்லியம்ஸின் முகக்கவசத்தில் நேராகப் பட்டுக் கீழே விழுந்தது. அப்படியொரு எறிதலை எறியக்கூடியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. ஆனால் புள்ளிவிவரத்தில் அது முழுமையடையாத எறிதல்களுள் ஒன்று, அவ்வளவுதான். அணி ஒரு டச் டவுன்கூட எடுக்காமல் 31-9 என்று தோற்றது. அந்தத் தோல்வி மஹோம்ஸின் பெயரில் இருக்கிறது. காவலர் இல்லாமற்போனதைப் பற்றிய குறிப்பு அதில் இல்லை.

பிரேடியின் பட்டங்களையும் இதே கண்ணால் பார்க்கலாம். 2002 ஜனவரியில், ஓக்லாந்துக்கு எதிராகக் கொட்டும் பனியில் 45 யார்டு தொலைவிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைச் சமன்செய்தவர் பேட்ரியாட்ஸின் ஆடம் வினட்டியேரி. அடுத்த மாதம் சூப்பர் பவுலின் கடைசி நொடிகளில் 48 யார்டு தொலைவிலிருந்து உதைத்து ராம்ஸ் அணியை 20-17 என்று வீழ்த்தியவரும் அவரே. 2015 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் சியாட்டில் அணி ஒரே ஒரு யார்டு முன்னேறினால் பட்டம் கைமாறிவிடும் என்ற நிலையில், குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்த மால்கம் பட்லரைத் தவிர வேறு யாராலும் அந்தப் பட்டத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது. பிரேடி அப்போது களத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் நான்காம் பகுதியில் இரண்டு டச் டவுன்கள் எறிந்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் பிரேடிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2018 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் 505 யார்டுகள் எறிந்தும் பிலடெல்பியாவிடம் அவர் தோற்றார். அந்த ஆட்டத்தில் எதிரணிக்கு ஆடியவர், கார்சன் வென்ட்ஸின் காயத்தால் வாய்ப்புப் பெற்ற மாற்று குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ்.

நெய்தல்:

இவ்வளவும் சரி. ஆனால் 2020ஐ எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள். பிரேடி டாம்பா பேக்குப் போனார். 7-9 என்றிருந்த அணி 11-5 ஆகிப் பட்டத்தையும் வென்றது. அவர் விட்டுச் சென்ற பேட்ரியாட்ஸ் 12-4இலிருந்து 7-9க்கு இறங்கியது. பயிற்சியாளர் அதே பெலிச்சிக்தான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தென்கரையான்:

நெய்தல் சொல்வது வலுவான வாதம், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றத்தில் பிரேடியின் சொந்தப் பங்கு எது என்பதை இன்னும் துல்லியமாகக் காட்ட முடியும். 2019இல் டாம்பாவுக்கு ஆடிய ஜேமிஸ் வின்ஸ்டன் 5,109 யார்டுகளும் 33 டச் டவுன்களும் எறிந்தார். ஆகவே அந்த அணிக்குப் புள்ளி எடுக்கும் வலிமை ஏற்கெனவே இருந்தது. குறை என்னவென்றால் அவர் 30 முறை எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு பிரேடி 12 முறைதான் பறிகொடுத்தார். பதினெட்டு முறை கூடுதலாகப் பந்து தன் அணியிடமே தங்கியது என்பது அவர் ஒருவரால் விளைந்த பயன். அதற்கான பாராட்டை முழுமையாக அவருக்கே தர வேண்டும். மஹோம்ஸை ஒன்பது புள்ளிகளில் கட்டிப்போட்ட தற்காப்பு, டாம்பாவின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் டாட் போல்ஸ் வகுத்த திட்டம். அதில் பிரேடிக்குப் பங்கில்லை.

பயிற்சியாளரின் பங்கைப் பேசும்போது வாஷிங்டனின் ஜோ கிப்ஸை விட்டுவிட முடியாது. 1982, 1987, 1991 பருவங்களில் அவர் வென்ற மூன்று பட்டங்களுக்கும் ஆடியவர்கள் ஜோ தீஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன் என்ற மூன்று வெவ்வேறு குவாட்டர்பேக்குகள். 2000ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதினாறு ஆட்டங்களில் 165 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்த தற்காப்பு அது. தாக்குதல் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச் டவுன்கூட எடுக்காத அதே பருவத்தில் பட்டம் வென்றது. அந்த சூப்பர் பவுலில் ஆடிய குவாட்டர்பேக் டிரெண்ட் டில்ஃபரை அடுத்த பருவத்துக்கு அணி வைத்துக்கொள்ளவில்லை. பட்டத்தின் பெருமை யாருடையது என்பதில் நிர்வாகத்துக்கே ஐயம் இருக்கவில்லை.

இளவேனில்:

அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: பங்கு இவ்வளவு பிரிந்து கிடக்கிறதென்றால், டாலஸ் அணி 2024இல் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஆறு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது ஏன்? அந்த ஆண்டு ஒரு அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே 25.54 கோடி டாலர்தானே?

முன்வரிசை:

ஏனென்றால் நல்ல குவாட்டர்பேக் கிடைப்பது அரிது. தென்கரையான் சொன்ன 2011ஆம் ஆண்டின் கோல்ட்ஸ் நிலைமைக்கு எந்த நிர்வாகமும் அஞ்சத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் வெற்றியை உறுதிசெய்வதில்லை. 2024இல் சின்சினாட்டியின் ஜோ பர்ரோ லீக்கிலேயே அதிகமாக 4,918 யார்டுகளும் 43 டச் டவுன்களும் எறிந்தார். அவருடைய அணி 33 புள்ளிகளோ அதற்கு மேலோ எடுத்தும் நான்கு ஆட்டங்களில் தோற்று, 9-8 என்று முடித்து, பிளே-ஆஃபுக்குள் நுழையவில்லை. பர்ரோவால் பட்டம் வெல்ல முடியுமா என்று ரசிகர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, பருவம் முடிந்ததும் சின்சினாட்டி பெங்கால்ஸ் நிர்வாகம் பணிநீக்கம் செய்தது தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் லூ அனருமோவை.