பாரமான சன்னத்துக்கு நான் பிழையாகத் தெரிவுசெய்த லீவர் துவக்கு

அல்பேர்ட்டாவில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பிவிட்ட எனக்கு, அங்கே வாங்கிய முதல் லீவர் துவக்கை, அதாவது அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி ரவை மாற்றும் துவக்கைப் பற்றிச் சொல்ல இன்றும் சற்று வெட்கம்தான். ஆயினும் கனடாவில் உரிமம் பெற்றுக் கரடி வேட்டைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர், பாரமான சன்னத்துக்கு எந்த லீவர் துவக்கை வாங்கலாம் என்ற கேள்வியோடு வருவதால் எழுதுகிறேன்.

நான் அன்று பார்த்தது குழல்வாயின் அகலத்தை மட்டுந்தான். 1964 இல் அறிமுகமான .444 மார்லின் ரவைக்குரிய பழைய துவக்கொன்று மலிவாகக் கிடைத்தது. அந்த ரவை 240 கிரேன் (சன்னத்தின் நிறையைச் சொல்லும் அலகு) சன்னத்தை வேகமாகச் செலுத்துவதற்கென வந்தது. ஆகவே சன்னத்தைச் சுழலவைக்கும் குழலின் உட்புரி 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் மெதுவாகவே வெட்டப்பட்டிருந்தது. இதை விசாரியாமல், 330 கிரேனுக்கு மேற்பட்ட வார்ப்பு ஈயச் சன்னங்களை, அதுவும் தோள் நோகக்கூடாதென்று வெடிமருந்தைக் குறைத்து நிரப்பிய ரவைகளாக வாங்கி, 100 யார் தூரத்தில் சுட்டேன். கடதாசியில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக நீண்ட கிழிசல்கள் விழுந்தன. குறிகாட்டியைக் கழற்றி மாட்டினேன். என் கண்ணையே சந்தேகித்தேன்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்தக் கடதாசியை ஐயாவிடம் காட்டினேன். இளமையில் வன்னியில் இடியன் துவக்கோடு பன்றிக்குக் காவலிருந்த அவர், புரி வெட்டிய குழலைக் கையாண்டவரல்லர். இருந்தும் கிழிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, சன்னம் நேர போகேல்லை, சரிஞ்சு போயிருக்கு" என்றார்.

விடயம் அதுதான். குழலின் அகலம் மாறாதிருக்கச் சன்னத்தின் நிறையைக் கூட்டினால் அதன் நீளமே கூடும்; நீண்ட சன்னம் நிலைகுலையாமல் பறப்பதற்கு விரைவான சுழற்சி வேண்டும். மருந்தைக் குறைத்ததால் என் சன்னங்களுக்கு இருந்த சுழற்சியும் குறைந்துபோயிற்று.

அடுத்த துவக்கை .45-70 ரவைக்கு வாங்கினேன். 1873 இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரவை, 405 கிரேன் சன்னத்தோடேயே பிறந்தது. அது ஏறத்தாழ 26 கிராம், நம் கணக்கில் மூன்றேகால் பவுண் நகையின் நிறை. புரி 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் முதல் நாளே துளைகள் வட்டமாக விழுந்தன. உதைப்பு மட்டும் குறையவில்லை. முழு மருந்தோடு சுட்டால் பத்து வெடிக்குள் தோள் முறையிடும். குழாய் வடிவ ரவைக்கூட்டில் ஒரு ரவையின் மூக்கு முன்னுள்ள ரவையின் வெடிமூடியில் முட்டிநிற்பதால், கூர்மூக்குச் சன்னத்தை அதில் இடவே கூடாது; தட்டை மூக்கோ, மென்மையான நெகிழிநுனியோதான் பொருத்தம்.

அந்த .444 ஐ என்னிடம் வாங்கிய நண்பர், 265 கிரேன் சன்னத்தோடு அதைச் சுட்டு, மூன்று துளைகளையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கிவிடுகிறார்.