ஃபார்மேட் போடாமல் அப்டேட்டை ஓட வைக்க வழி உண்டா?

தண்டையார்பேட்டை டிடிபி:
வணக்கம். வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த பழைய சிஸ்டம். ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. மழை சமயத்தில் கரன்ட் சப்ளை கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போய், பக்கத்துக் கடையில் கொடுத்து வாங்கினோம். அதற்கப்புறம் விண்டோஸ் அப்டேட் நின்றுவிட்டது. செட்டிங்ஸில் அந்த அப்டேட் பக்கத்தைத் திறந்தால் மேலே சிவப்பில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்கிற மாதிரி ஒரு வரி, கீழே 80070422 என்று ஒரு எண். வீட்டு சிஸ்டத்துக்கு ஏது சார் நிறுவனம்? கடையில் கேட்டால் ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். என் மனைவி இதில்தான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரை வைத்து கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செட் செய்து கொடுக்கிறார். அந்த சிடி இப்போது இல்லை, ஃபான்ட்டுகள் எங்கிருந்து வந்தன என்பது யாருக்கும் ஞாபகமில்லை. ஃபார்மேட் போட்டால் தொழிலே போச்சு.

காசிமேடு சர்வீஸ்:
அண்ணே, இது பழுது இல்லை, கடைக்காரர் தெரிந்தே செய்தது. 80070422 என்றால் அப்டேட் சர்வீஸை முடக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நானும் இதே வேலைதான் பார்க்கிறேன், நானும் முடக்கித்தான் கொடுப்பேன். 4 ஜிபி ரேமில், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்டேட் ஓடினால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நிற்கும், மவுஸ் கூட நகராது, உடனே "நேற்றுதானே சர்வீஸ் செய்தாய், இன்றைக்கே ஸ்லோ" என்று போன் வரும். 2018 அக்டோபரில் வந்த 1809 அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸையே அழித்து, மைக்ரோசாஃப்ட்டே அதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதுவும் போக, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு கடையைச் சாத்திவிட்டார்கள். இனி வராத அப்டேட்டுக்கு எதற்கு இந்தப் பாடு? பேஜ்மேக்கர் ஓடுகிறதா, ஓடட்டும், விடுங்கள்.

பெரம்பூர் லோகோ:
முடக்கியது கடைக்காரர் என்பது வரைக்கும் சரி, மீதியை ஒத்துக்கொள்ள முடியாது. முடக்கியதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, பிறகு ஃபார்மேட்டுக்குக் காசு கேட்பதற்குப் பெயர் சர்வீஸா? விண்டோஸோடு வருகிற ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலும் வழக்கமாக இதே அப்டேட் வழியாகத்தான் வருகிறது. இந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு வேலையும் யாருடைய பென்டிரைவிலோ, வாட்ஸப்பிலோதான் வரும். ஜெராக்ஸ் கடையில் சுற்றிய பென்டிரைவைச் சொருகுகிற சிஸ்டத்தில் டிஃபெண்டரைப் பழசாக வைத்திருப்பது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதுதான்.

சார், நீங்கள் முதலில் ரன் பெட்டியில் சர்வீசஸ்.எம்எஸ்சி என்று அடித்துத் திறங்கள். விண்டோஸ் அப்டேட் என்ற வரியை இரண்டு முறை கிளிக் செய்தால் ஸ்டார்ட்டப் டைப் என்று இருக்கும். அங்கே டிசேபிள்ட் என்றிருந்தால் மேனுவல் என்று மாற்றி அப்ளை கொடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். அதற்கு முன்னால், ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் பேஜ்மேக்கர் வேலைகளையும் வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள்.

எண்ணூர் பெங்குவின்:
விண்டோஸை விட்டொழித்து, அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள். 4 ஜிபி போதும், அப்டேட் எப்போது என்பதும் உங்கள் கையில். இருபது நிமிட வேலை.

தண்டையார்பேட்டை டிடிபி:
பெங்குவின் சார், பேஜ்மேக்கர் அதில் ஓடுமா?

எண்ணூர் பெங்குவின்:
லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டுகிற ஒயின் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்க்கலாம், சிலருக்கு ஓடியிருக்கிறது.

காசிமேடு சர்வீஸ்:
முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி பத்திரிகை வேலை இருக்கும்போது அவர் வீட்டம்மா உட்கார்ந்து ஒயினைப் போட்டுப் பார்ப்பார்களா? நல்ல ஆளய்யா.

லோகோ, பாதுகாப்பு பாதுகாப்பு என்று பயம் காட்டுவதும் வேண்டாம். அடுத்து வான்னாக்ரை, அதுதான் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட அந்தப் புழு, அதன் கதைக்குத்தான் வருவீர்கள். 2017 மார்ச்சில் பேட்ச் வந்தது, போடாதவர்கள் மே மாதம் மாட்டினார்கள், உண்மைதான். ஆனால் மாட்டியதில் பெரும்பாலும் விண்டோஸ் 7, அதுவும் நெட்வொர்க்கில் ஃபைல் ஷேரிங் போர்ட் திறந்து கிடந்தவை. வீட்டில் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை சிஸ்டத்தை வெளியிலிருந்து யாரும் அப்படித் தட்டப் போவதில்லை.

பெரம்பூர் லோகோ:
அந்தப் புழு ரவுட்டரைத் தாண்டி நேராக வந்திருக்காது, சரி. ஆனால் ஒட்டுப் போடாத ஓட்டைகள் நெட்வொர்க்கில் மட்டுமா இருக்கின்றன? பிரவுசர் திறக்கிற படம், ஃபான்ட், பிடிஎஃப் இவை வழியாக வந்த ஓட்டைகளையும் மாதாமாதம் அடைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து தட்ட வேண்டியதே இல்லை, நாமே உள்ளே கூட்டி வருகிறோம். உங்களுக்கு ஸ்லோ என்ற போன் வரக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதற்கு வேலை நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் ஆக்டிவ் ஹவர்ஸ் வைத்துக் கொடுக்கலாம், 5 வாரம் வரைக்கும் அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டி மாற்றச் சொல்லி கஸ்டமரிடம் சொல்லலாம்.

தண்டையார்பேட்டை டிடிபி:
ஃபான்ட் எல்லாம் காப்பி எடுத்துவிட்டேன். சர்வீசஸில் டிசேபிள்ட் என்றுதான் இருந்தது. மேனுவல் ஆக்கினேன், 80070422 போய்விட்டது, அப்டேட் தேட ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி டிசேபிள்ட். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பெரம்பூர் லோகோ:
பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அப்டேட்டைத் தடுப்பதற்கென்றே சின்னச் சின்ன டூல்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை நிறுவியிருக்கிறார்கள். அப்டேட் மெடிக் என்று இன்னொரு சர்வீஸ் உண்டு, முடங்கிய அப்டேட்டை எழுப்புவதே அதன் வேலை. அதனால்தான் இந்த டூல்கள் அதையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டு, ஒரு காவல்காரனையும் நிறுத்திவிட்டுப் போகின்றன. தானாக ஓடுகிற வேலைகளின் பட்டியலான டாஸ்க் ஷெட்யூலரிலும், சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸிலும் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். டூலைத் திறந்து அதிலேயே எனேபிள் கொடுத்துவிட்டுப் பிறகு நீக்குவதுதான் நல்லது, அப்போதுதான் அது மாற்றிய அனுமதிகளும் திரும்பும்.

அந்தச் சிவப்பு வரி வேறு. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகிற ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட், அதற்குள் ஏயு என்று ஒரு கீ இருக்கும். அங்கே நோஆட்டோஅப்டேட் என்பதற்கு 1 என்றிருந்தால், கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆபீஸ் சிஸ்டங்களுக்காக இருக்கிற வசதி இது, வீட்டு சிஸ்டத்தில் போட்டால் உங்களையே ஆபீஸ் என்று நினைத்துக்கொள்ளும்.

தண்டையார்பேட்டை டிடிபி:
பிளாக்கர் என்றே பெயர் போட்டு ஒன்று இருந்தது சார், எனேபிள் கொடுத்து எடுத்துவிட்டேன். நோஆட்டோஅப்டேட்டும் 1 என்று இருந்தது, அழித்தேன். சிவப்பு வரி போய்விட்டது, சர்வீஸும் அப்படியே நிற்கிறது. ஆனால் இப்போது இறங்கி முடிந்து, இன்ஸ்டால் பாதியில் வேறு எண் வருகிறது: 800எஃப்081எஃப்.

காசிமேடு சர்வீஸ்:
பார்த்தீர்களா. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. இதற்குத்தான் ஃபார்மேட் என்பது.

பெரம்பூர் லோகோ:
இது விண்டோஸின் சொந்தக் கிடங்கில் சில ஃபைல்கள் கெட்டோ காணாமலோ போயிருப்பதால் வருவது. எஸ்எம்பிஎஸ் போன சமயத்தில் சிஸ்டம் பட் பட்டென்று அணைந்திருக்கும், இல்லையா? யூபிஎஸ் இல்லாத வீட்டில் இது சகஜம்.

அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் முதலில் கிடங்கைச் சரி செய்கிற டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த், அது முடிந்த பிறகு கெட்ட சிஸ்டம் ஃபைல்களைச் சரி செய்கிற எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கமாண்டுகளை ஓட்டுங்கள். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். எஸ்எஃப்சி ரிப்பேர் செய்ய எடுப்பது அந்தக் கிடங்கிலிருந்துதான், கிடங்கே கெட்டிருந்தால் அது எதைக் கொண்டு சரி செய்யும்? இன்னொரு சிக்கல், டிஸ்ம் தனக்கு வேண்டியதை விண்டோஸ் அப்டேட்டிலிருந்துதான் எடுக்கும். அதுவும் தடுமாறினால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வின் ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் டிஸ்க்கின் நகல் ஃபைலை, இறக்கி மவுன்ட் செய்து, உள்ளே இருக்கிற இன்ஸ்டால்.விம் ஃபைலை சோர்ஸ் என்று காட்ட வேண்டும். அப்படியும் மசியவில்லையா, அதே ஐஎஸ்ஓவில் செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் மட்டும் புதிதாக ஏறும், பேஜ்மேக்கர் இருந்த இடத்திலேயே இருக்கும். சி டிரைவில் 20 ஜிபியாவது காலி இருக்கட்டும், அன்றைக்கு மட்டும் யாரிடமாவது யூபிஎஸ் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் பழசு:
டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்டை முதலில் பாருங்கள் தம்பி. பேட் செக்டர் இருந்தால் இதெல்லாம் வீண் வேலை.

காசிமேடு சர்வீஸ்:
பெரியவர் சொல்வதுதான் உருப்படி. சரி லோகோ, எல்லாம் செய்து முடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 10-க்குத்தான் சப்போர்ட்டே இல்லையே, எதை இறக்கப் போகிறார்?

பெரம்பூர் லோகோ:
விடுபட்ட பழைய மாதங்களை முதலில். அப்புறம் இஎஸ்யு என்ற நீட்டிப்பு இருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் உள்நுழைய வேண்டும். செட்டிங்ஸை சிங்க் செய்ய விட்டால் காசு இல்லை, இல்லையென்றால் 30 டாலர். இந்த ஐ3-யில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது; இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும்.

தண்டையார்பேட்டை டிடிபி:
டிஸ்க் ரிப்போர்ட் நல்லது என்றுதான் காட்டுகிறது. டிஸ்ம் 62.3 சதவீதத்தில் ரொம்ப நேரம் நின்றது, மூடிவிடலாமா என்று கை துறுதுறுத்தது, அப்புறம் தானே நகர்ந்து முடிந்தது. எஸ்எஃப்சி கெட்ட ஃபைல்களைச் சரி செய்துவிட்டேன் என்கிறது. ஒரு அப்டேட் முழுதாக ஏறிவிட்டது, ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் இழுக்கிறது. இஎஸ்யு பட்டன் இன்னும் கண்ணில் படவில்லை.

பெரம்பூர் லோகோ:
மீதி அப்டேட்டுகளும் ஏறி ஒரு ரீஸ்டார்ட் ஆன பிறகு அந்தப் பட்டன் அதே பக்கத்தில் வரும். மாலையில் பாருங்கள்.

காசிமேடு சர்வீஸ்:
இழுக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார், கவனித்தீர்களா? அண்ணே, ரேம் இன்னொரு 4 ஜிபி, ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள், நானே வந்து மாற்றித் தருகிறேன். நான் என் கஸ்டமருக்கு முடக்கித்தான் கொடுப்பேன், ஆனால் உங்கள் சிஸ்டத்தில் கை வைக்க மாட்டேன்.

பெரம்பூர் லோகோ:
முடக்கினால் பில்லில் எழுதிக் கொடுங்கள், அது போதும்.