பொருள்: எழுதுபவரும் பாடுபவரும் ஒருவரே என்றால் ஒரே சொல் உண்டா? (வியாழன் மாலைக்குள் வேண்டும்)

கோவையிலிருந்து, திங்கள் காலை

குழுமத்தாருக்கு வணக்கம். ஓர் இசைச் செயலிக்குத் தமிழ் முகப்பு செய்துகொண்டிருக்கிறேன். கலைஞர் அறிமுகக் குறிப்புகளும் வகைப் பெயர்களும் என் பங்கு. இந்த வாரம் வந்திருப்பவர் லெய்னி வில்சன் என்ற அமெரிக்கக் கண்ட்ரி பாடகி. அவருடைய ‘பெல் பாட்டம் கண்ட்ரி’ ஆல்பம் 2022 அக்டோபர் 28 அன்று வெளியானது.

குறிப்பை எழுதிவிட்டேன். ‘பாடகியும் பாடலாசிரியருமான’ என்று உம்மை போட்டுத் தப்பித்துக்கொண்டேன். வகைப் பெயரில்தான் மாட்டிக்கொண்டேன். சிங்கர்-சாங்ரைட்டர் என்பதற்கு ஒற்றைப் பெயர்ச்சொல் வேண்டும். பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ‘பாடகர்-பாடலாசிரியர்’ என்று இடையில் கோடு போட்டுப் பார்த்தேன். செயலி கோட்டோடு ஒடித்து இரண்டாம் வரியை விழுங்கிவிடுகிறது. ‘பாடகர்’ மட்டும் மிஞ்சுகிறது. உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, திங்கள் முற்பகல்

இதற்கு ஏன் அம்மா வியாழன் வரை? சொல் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது: வாக்கேயக்காரர். ‘சங்கீத ரத்னாகரம்’ எழுதிய சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வரையறுத்தே வைத்துவிட்டார். வாக்கு என்பது சொல், கேயம் என்பது இசை. இரண்டையும் ஆக்குபவர் வாக்கேயக்காரர். முந்தையதை மாது என்றும் பிந்தையதைத் தாது என்றும் சொல்வார்கள். தியாகராஜரைச் சொல்கிறோம், கோபாலகிருஷ்ண பாரதியாரைச் சொல்கிறோம். இந்த அம்மாளையும் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சென்னையிலிருந்து, திங்கள் மதியம்

குறைவது வாசகர் எண்ணிக்கை. //வாக்கேயக்காரர்// என்ற சொல்லைப் பார்த்தவுடன் செயலியில் விரல் வைக்கும் பையன் தம்புராவை எதிர்பார்ப்பான், வருவது மின்கிதார். நான் இருபது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் தலைப்பு வெட்டுகிறவன். பெண்பாலில் ‘வாக்கேயக்காரி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

மதுரையிலிருந்து, திங்கள் இரவு

அன்பர்களே, கடன் வாங்குமுன் சொந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாமா? சங்க காலத்தில் பாணர் இருந்தனர், பாடினி இருந்தாள், விறலி இருந்தாள். பெண்பாலுக்குப் ‘பாடினி’ என்ற சொல் எவ்வளவு நெகிழ்வாக நிற்கிறது! பண்ணிலிருந்து பாண், பாணிலிருந்து பாணன். பாணி என்பதும் அதன் உடன்பிறப்பே என்பது என் நீண்டநாள் துணிபு. (பாணி வடசொல் என்போருக்கு 2009-இல் இதே குழுமத்தில் பதினோரு மடல்களில் விடை தந்திருக்கிறேன்.)

இன்னொன்று. ‘கண்ட்ரி’ என்று ஏன் எழுத வேண்டும்? அந்த இசையின் தாயகம் அப்பலாச்சிய மலை என்று படித்திருக்கிறேன். மலை என்றால் குறிஞ்சி. ‘குறிஞ்சியிசை’ எனலாமே. ‘பெல் பாட்டம்’ என்பதையும் ‘மணிக்குழல் காற்சட்டை’ என்று தமிழாக்கலாம்.

சென்னையிலிருந்து, திங்கள் இரவு

ஐயா, 1970களில் பெல்பாட்டம் போட்டு மதுரைத் தெருக்களைப் பெருக்கிய தலைமுறையில் தாங்களும் ஒருவர் என்று நினைக்கிறேன். அப்போது தையல்காரரிடம் மணிக்குழல் காற்சட்டை என்றா அளவு கொடுத்தீர்கள்?

டல்லஸிலிருந்து, செவ்வாய்

வணக்கம். தினமும் ஒன்றரை மணி நேரம் காரில் கண்ட்ரி வானொலி கேட்பவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

மதுரை ஐயா, லெய்னி வில்சன் மலைக்காரர் அல்லர். லூயிசியானாவின் வடகிழக்கில் பாஸ்கின் என்ற மிகச் சிறிய ஊர்; தட்டையான வயல்வெளி; அப்பா விவசாயி. திணை பார்த்தால் மருதம்தான் வரும். 2011-இல் ஓர் இழுவை வண்டிவீட்டோடு கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய், ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் அருகில் அதை நிறுத்தி அதிலேயே குடியிருந்து பாட்டு எழுதியவர். பள்ளிக்காலத்தில் பிறந்தநாள் விழாக்களில் ஹன்னா மொன்டானா என்ற தொலைக்காட்சித் தொடர் நாயகியின் வேடமிட்டுப் பாடிச் சம்பாதித்திருக்கிறார். இந்த மாதம் கண்ட்ரி இசைச் சங்கத்தின் ‘புதிய கலைஞர்’ விருதும் ‘சிறந்த பாடகி’ விருதும் ஒரே மேடையில் கிடைத்தன. பதினோரு ஆண்டு உழைத்தவருக்குப் ‘புதிய’! குறிப்பில் ‘வளரும் பாடகி’ என்று எழுதியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

‘நாட்டுப்புற இசை’ என்று யாரேனும் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். வேண்டாம். ஆனால் ஒரு வேடிக்கை: பில்போர்டு இதழே 1944 முதல் இந்த இசைக்கான பட்டியலை ‘ஃபோக்’ என்ற பெயரில்தான் போட்டது. 1949-இல்தான் ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ ஆயிற்று. அவர்களுக்கே ஐந்து வருடம் ஒரு பெயர் நிலைக்கவில்லை. நமக்கு வியாழன் வரை கெடு.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நாஷ்வில்லில் பாட்டைத் தனியாக எழுதுவது குறைவு. காலை பத்து, பதினோரு மணிக்கு நேரம் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் கிதாரோடு உட்காருவார்கள். மாலைக்குள் ஒரு பாட்டு எழுந்து வரும். லெய்னிக்கு 2021-இல் வானொலிப் பட்டியலில் முதலிடம் வாங்கித் தந்த பாட்டை அவரும் ஜேசன் நிக்ஸும் ஜோனதன் சிங்கிள்டனும் சேர்ந்து எழுதினார்கள். புதிய ஆல்பத்தில் பதினான்கு பாட்டு, அவற்றிலும் கூட்டெழுத்துதான். கடைசிப் பாட்டு இவருடையதே இல்லை; ஃபோர் நான் ப்ளாண்ட்ஸ் குழு முப்பது ஆண்டுகளுக்கு முன் பாடியதை மீண்டும் பாடியிருக்கிறார். எனவே ‘தானே இயற்றித் தானே பாடுபவர்’ என்று அடித்துச் சொல்லும் எந்தச் சொல்லும் பொய்யாகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய்

மூன்று பேர் உட்கார்ந்து ஒரு கீர்த்தனையா? ராம ராம.

மதுரையிலிருந்து, செவ்வாய் இரவு

டல்லஸ் தம்பி நல்ல திரியைத் தூண்டினார். பணியைப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதன்று. பரிபாடலின் மூன்றாம் பாடலுக்குக் கீழே என்ன இருக்கிறது? கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண் பாலையாழ். இசைத்தட்டின் உறையில் அச்சிடுவார்களே, அதே ஒழுங்கு! சொல் எழுதியவர் ஒருவர், இசை வகுத்தவர் வேறொருவர், பண்ணுக்கும் தனி வரி. ஆகவே ‘பாட்டு’ என்ற சொல் அங்கே சொற்பகுதியை மட்டும் குறித்தது என்பதைக் கவனிக்க. அப்படியானால் இரண்டும் சேர்ந்தவருக்குப் ‘பாட்டிசைஞர்’ என்பேன். பாட்டு + இசைஞர். ஆறே எழுத்து.

இடையில் ஒரு செய்தி: நாகனார் என்று முடியும் பெயர்கள் பரிபாடலின் இசை வகுத்தோர் வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. நன்னாகனார், பெட்டனாகனார், கண்ணனாகனார். இவர்கள் ஓர் இசைக்குடியினரோ? இதைத் தனி இழையில் தொடர்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் காலை

பாணர் பேச்சு வந்த பிறகு நான் சும்மா இருக்க முடியாது. எங்கள் ஊரின் பெயரே யாழ் வாசித்த பாணன் ஒருவனுக்குக் கிடைத்த பரிசு நிலம் என்றுதான் பழங்கதை. ஆனாலும் பாடினி வேண்டாம் என்பதே என் எண்ணம். பாணரும் பாடினியும் பெரும்பாலும் நிகழ்த்துநர், இயற்றியவர் புலவர். சம்பந்தர் பதிகம் பாடினார், திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை யாழில் இட்டார். யாழ்மூரிப் பதிகத்தில் பாட்டு யாழுக்கு அடங்காமல் போனதும் பாணர் கருவியை உடைக்கப் போனார் அல்லவா? அந்தக் கணக்கில் லெய்னி வில்சன் சம்பந்தர் பக்கம். பின்னால் ஸ்டீல் கிதார் வாசிக்கிறவரே பாணர்.

அதோடு, ஆல்பத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நாங்கள் இறுவட்டு என்போம், ஆனால் அது தட்டைக் குறிக்கும் சொல். இப்போது தட்டே இல்லை.

கோவையிலிருந்து, புதன்

‘இசைத்தொகுப்பு’ என்று போட்டிருக்கிறேன். அதை யாரும் திறக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து, புதன்

திறக்கவில்லை. ஒன்று மட்டும். ஆல்பம் என்பதன் இலத்தீன் வேர் ‘வெண்மை’. எழுதப்படாத வெண்பலகை அது. பிறகு படங்கள் ஒட்டும் ஏடாகி, பழைய இசைத்தட்டுகளை உறைகளில் செருகி ஏடு போலக் கட்டியபோது இசைக்கும் வந்தது. ‘வெள்ளேடு’ என்ற சொல் எவ்வளவு அழகு! இவ்வளவே.

சென்னையிலிருந்து, புதன்

அரசு வெளியிடும் வெள்ளை அறிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள், ஐயா.

திருநெல்வேலியிலிருந்து, புதன் மாலை

அதிகம் எழுதாதவள், மன்னிக்கவும். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நேற்றுப் புறநானூறு நடத்தும்போது, ‘பாடியவர்: கபிலர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், எழுதினது யாரு?” பாடியவரே எழுதியவர் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. அவர்களுக்குப் பாடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், இசையமைக்கிறவர் இன்னொருவர்.

நம் மொழியில் பாடுவது என்றாலே இயற்றுவதும் சேர்ந்துதானே இருந்தது? கம்பர் பாடினார் என்கிறோம், வள்ளலார் பாடினார் என்கிறோம், யாரும் குழம்புவதில்லை. அந்த ஒரு வினையைப் பின்னணிப் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று மூன்றாகக் கூறுபோட்டது திரைப்படம். கூறுபோட்ட துண்டுகளை இப்போது கோடு போட்டு ஒட்டப் பார்க்கிறோம். ‘பாடியவர்’ என்றே வைத்தால் என்ன என்று தோன்றியது. வகைப் பெயராக நிற்குமா என்று தெரியவில்லை. தவறென்றால் திருத்தவும்.

டல்லஸிலிருந்து, புதன்

அம்மா, இந்த இழையிலேயே இதுதான் சரியான மடல். வகைப் பெயராக நிற்காது என்பதுதான் சங்கடம். ‘பாடியவர்’ என்ற பொத்தானை அழுத்துகிறவர் அந்தப் பாட்டைப் பாடியவர் யார் என்ற விவரம் வரும் என்று நினைப்பார்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் இரவு

எல்லோரும் சுற்றிச் சுற்றி என்னிடமே வருகிறீர்கள்.

சென்னையிலிருந்து, புதன் இரவு

வரவில்லை. தங்கள் சொல்லில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தாங்களே சொன்ன வரையறைப்படி வாக்கேயக்காரர் சொல்லையும் இசையையும் ஆக்குபவர்; அவர் பாடியாக வேண்டும் என்று எங்கே இருக்கிறது? நமக்கு வேண்டியவர் எழுதி, மேடையில் ஏறிப் பாடவும் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் நள்ளிரவு

உத்தம வாக்கேயக்காரருக்குச் சொன்ன குணங்களில் இனிய சாரீரமும் ஒன்று. முழுதும் படித்துவிட்டு ஓட்டை தேடவும்.

கோவையிலிருந்து, வியாழன் காலை

கெடு இன்று மாலை ஐந்து மணி. கையில் இருப்பவை: வாக்கேயக்காரர், பாட்டிசைஞர், பாடலாசிரியப் பாடகர் (நேற்றுத் தனிமடலில் இருவர் சொன்னது), பாடியவர். உங்கள் வாக்கை ஒற்றை வரியில் சொல்லிவிடுங்கள். வேர்ச்சொல் ஆராய்ச்சி வேண்டாம்.

சென்னையிலிருந்து, வியாழன்

பாடலாசிரியப் பாடகர். பார்த்ததும் புரிகிறது. புரியாத தூய தமிழைவிடப் புரிகிற நீளத் தமிழ் மேல்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன்

அதுவே. மனமில்லாமல்.

டல்லஸிலிருந்து, வியாழன்

அதுவே. தனியாக எழுதினார் என்று அது அடித்துச் சொல்லவில்லை, அது போதும்.

மதுரையிலிருந்து, வியாழன்

ஒற்றை வரியில் இலக்கணம் அடங்காது. பாடலாசிரியர் என்பது உயர்திணைப் பெயர். உயர்திணைப் பெயரின் ஈற்றுமெய் வல்லினம் வந்தால் இயல்பாய் நிற்கும் என்பது நன்னூல். அப்படியிருக்க ரகரத்தைக் கெடுத்துப் பகரத்தை ஏற்றியது யார்? ‘பாடலாசிரியர் பாடகர்’ என்றால் இருவர் என்று படும் என்பீர்கள். அதனால்தான் பாட்டிசைஞர் என்றேன். என் மறுப்பைப் பதிவு செய்க.

கோவையிலிருந்து, வியாழன் மாலை 4.40

அனுப்பிவிட்டேன். இடைவெளி விட்டால் அங்கேயும் ஒடித்துவிடுகிறது என்பதால் சேர்த்தே எழுதினேன்: பாடலாசிரியப்பாடகர். பதினோரு எழுத்து. மதுரை ஐயாவின் மறுப்பு பதிவாயிற்று. அனைவருக்கும் நன்றி.

கோவையிலிருந்து, சனி காலை

செயலியின் சோதனைப் பதிப்பு கைக்கு வந்தது. கணினித் திரையில் ஒழுங்காக இருக்கிறது. கைபேசியில் எட்டு எழுத்தோடு வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடுகிறார்கள். லெய்னி வில்சனின் படத்துக்குக் கீழே, அகலத் தொப்பிக்கும் பெல்பாட்டத்துக்கும் அடியில், இப்போது இப்படி இருக்கிறது:

பாடலாசிரியப்பா...

மதுரையிலிருந்து, சனி காலை

ஆசிரியப்பா! அம்மா, அதில் கை வைக்காதீர்கள். ஆசிரியம் என்றால் அகவல். அகவலின் வேர் அகவுதல், உரக்க அழைத்தல். குறுந்தொகையில் ஔவை விளிக்கும் ‘அகவன் மகள்’ யார்? ஊர் ஊராகப் போய்ப் பாடிய பெண் அல்லவா? நாம் நான்கு நாள் தேடிய சொல்லை ஒரு கைபேசி எடுத்துக் கொடுத்திருக்கிறது. ‘அகவுநர்’ என்று நான் முன்மொழிகிறேன். விரிவாக இன்றிரவு.

தஞ்சாவூரிலிருந்து, சனி காலை

வா-க்-கே-ய-க்-கா-ர-ர். எண்ணிப் பாருங்கள். எட்டு.