முன் வலது சக்கரத்தில் உள்பக்க பிரேக் பேட் மட்டும் ஏன் தேய்கிறது?

தாக்கேட்டா புரோபாக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2005 டொயோட்டா புரோபாக்ஸ். பர்மாவில் தாக்கேட்டாவிலிருந்து யங்கோன் டவுனுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிப் போய் வருகிறேன். போன மழைக்காலம் தொடங்குமுன்தான் முன் பிரேக் பேட் நான்கையும் புதிதாக மாற்றினோம். இப்போது வலது முன் சக்கரத்தில் கிரீச் என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் உள்பக்க பேட் இரும்புத் தகட்டைத் தொடப் போகிறது, வெளிப்பக்க பேட்டில் பாதிக்கு மேல் இருக்கிறது. இடது சக்கரத்தில் இரண்டு பேடும் ஒரே அளவு.

மாற்றித் தந்த இடத்தில் கேட்டால், "பேட் மட்டமான சரக்கு, வேறு கம்பெனி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். சரக்கு மட்டமென்றால் நான்கும்தானே தேய வேண்டும்? அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வண்டியும் இதுதான். காரணம் தெரியாமல் இன்னொரு செட் வாங்கிப் போட மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேமியோக்காரன்

தம்பி, மலை இறக்கத்தில் அடிக்கடி ஓட்டுகிறீர்களா? மேமியோவிலிருந்து மண்டலேக்கு இறங்குகிற வண்டிகளில் பேட் சீக்கிரம் போய்விடும். கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே இறக்கினால் நீண்ட நாள் வரும்.

பெகு ஒர்க்‌ஷாப்

மேமியோ அண்ணன் சொல்வது சரி. ஆனால் இறக்கத்தில் தேய்ந்தால் இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து தேயும். இது ஒரே சக்கரத்தில், அதுவும் ஒரே பக்கம். தம்பி சந்தேகப்பட்டது நியாயம்தான், குற்றம் பேடில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் கேலிபரைப் பாருங்கள்.

புரோபாக்ஸில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பெடலை மிதித்ததும் அது உள்பக்க பேடை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் அழுத்தும். உடனே கேலிபர் முழுதும் இரண்டு ஸ்லைடு பின்களின் (வழுக்குக் கம்பிகளின்) மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்க பேடையும் இழுத்துப் பிடிக்கும். பின் இறுகிவிட்டால் கேலிபர் நகராது, வேலை பெரும்பாலும் உள்பக்க பேட் தலையில் விழும். பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றாலும் இதே கதிதான், காலை எடுத்த பிறகும் உள்பக்க பேட் உரசிக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் பின்னைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும், இல்லையென்றால் பேட் அதன் தாங்கியில் துருவோடு சிக்கியிருக்கும்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி கையை உள்ளே விடவே கூடாது. ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லிவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கேலிபரின் பிளீடர் நிப்பிளை (காற்று எடுக்கும் திருகை) கொஞ்சம் திறங்கள். பிரேக் ஃப்ளூயிட் (பிரேக் ஆயில்) பீய்ச்சி, சக்கரமும் இலகுவாகிவிட்டால் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளே ஊதிப்போனால் ஃப்ளூயிட் போகும், திரும்பி வராது. திறந்தும் இறுக்கம் விடவில்லை என்றால் பின் அல்லது பிஸ்டன். நிப்பிளை மூடிய பிறகு காற்று எடுக்க மறக்க வேண்டாம்.

அப்புறம் கேலிபரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிட்டு, இரண்டு பின்னையும் ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல பின் விரல் இழுப்புக்கே வந்து வழுக்கி உள்ளே போகும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் கிரீஸ் காய்ந்து பழுப்பாகக் கட்டியிருக்கும், பின்னிலேயே துரு வளையம் தெரியும்.

வலது பக்கம் ஏன் என்று கேட்பீர்கள். 1970இலிருந்து இங்கே சாலையின் வலது பக்கம்தான் ஓட்டம். மழைக்காலத்தில் யங்கோன் தெரு ஓரத்தில் தேங்கும் சேற்றுத் தண்ணீரில் வலது சக்கரங்கள்தான் முதலில் இறங்கும். என்னிடம் வருகிற வண்டிகளில் வலது முன் சக்கரத்தின் ஸ்லைடு பின்னில் துரு அதிகம் பார்க்கிறேன்.

தாக்கேட்டா புரோபாக்ஸ்

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் விடவில்லை. கீழ் பின் வரவே இல்லை, குறடு வைத்து முறுக்கித்தான் எடுத்தேன். பூட்டில் நீளமாக ஒரு கிழிசல், உள்ளே மண். மேல் பின் நன்றாக வழுக்குகிறது. பேடை மறுபடி வெளிச்சத்தில் பார்த்தால் கொஞ்சம் சாய்வும் இருக்கிறது. பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்துத் தள்ளினேன், சீராக உள்ளே போனது. பின்னைத் துணியால் துடைத்து, வீட்டில் இருக்கிற வீல் பேரிங் கிரீஸ் போட்டால் போதுமா? பேட் வலது பக்கம் மட்டும் மாற்றலாமா?

பெகு ஒர்க்‌ஷாப்

வேண்டாம் தம்பி. அந்த கிரீஸ் பெட்ரோலியம் எண்ணெயில் செய்தது. பூட் ரப்பர் அதில் ஊறி வீங்கி, பின்னை மறுபடி பிடித்துக்கொள்ளும். பிரேக் பின்னுக்கென்றே விற்கிற சிலிகான் கிரீஸ் கேளுங்கள், மெல்லிய பூச்சு போதும். கிழிந்த பூட்டை மாற்றுங்கள். துரு பின்னை அரித்துக் குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம், புதியது வாங்குங்கள். சில வண்டிகளில் ஒரு பின் நுனியில் மட்டும் ரப்பர் இருக்கும், எது மேல், எது கீழ் என்று குறித்து வைத்துக்கொண்டு மாட்டுங்கள். இடது பக்கப் பின்களையும் இன்றே கழற்றித் துடைத்து கிரீஸ் போடுங்கள், அடுத்த மழைக்கு அங்கும் இதே கதை வரலாம்.

பேட் இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியது, ஒரு பக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்கிலும் விரலை ஓட்டிப் பாருங்கள், ஆழமான வரி இருந்தால் கடைசல் கடையில் காட்டுங்கள். தாங்கியில் பேட் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகச் சுரண்டுங்கள், அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அது. இனி மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்ததும் ஒரு முறை பின்களைப் பாருங்கள். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம்தான் பிஸ்டனில் துரு வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதையும் மாற்றுங்கள்.

மேமியோக்காரன்

நல்ல விளக்கம். ஒன்று சேர்க்கிறேன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஃப்ளூயிட் வழியும், பெயிண்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பெகு ஒர்க்‌ஷாப்

ஆமாம் அண்ணே. தம்பி, எல்லாம் மாட்டி முடித்ததும் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், பயப்பட வேண்டாம். வண்டி நின்ற இடத்திலேயே மெதுவாகப் பல முறை மிதித்து, பெடல் கெட்டியான பிறகே கியர் போடுங்கள்.